புதுச்சேரிக் கரையில மணல் போனதும், கொஞ்சம் திரும்பி வந்ததும்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில காந்தி சிலைக்கு முன்னாடி நின்னா ரொம்ப வருஷமா கண்ணுல பட்டது கறுப்புப் பாறாங்கல்லு மட்டும்தான். அலை வரும், கல்லுல மோதும், தண்ணி தெறிக்கும், கால் நனைக்க ஒரு பிடி மணல் கிடையாது. 1990-க்கு அப்புறம் பிறந்தவங்க நிறைய பேர் இந்த ஊர்ல கடற்கரைன்னா இப்படித்தான் இருக்கும்னு நினைச்சே வளர்ந்துட்டாங்க, ஆனா அதுக்கு முந்தின தலைமுறைக்கு அங்க மணல் இருந்தது, படகு ஏத்தினது, வலை காயப்போட்டது எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு. அந்த மணல் ஏன் போச்சு, 2018-க்கு அப்புறம் அதுல ஒரு பங்கு எப்படி திரும்பி வந்தது, வடக்கே இருக்குற குப்பங்களுக்கு மட்டும் ஏன் இன்னும் வரல, இந்த மூணு கேள்விக்கும் ஒரே பதில்தான் இருக்கு, அதை முழுசா விளக்கணும்னுதான் இதை எழுதுறேன்.

கடலரிப்புன்னாலே கடல் பொங்கி ஊரை முழுங்குற மாதிரிதான் பேச்சு வரும். கடல் மட்டம் உயருறது உண்மை, புயல் வர்றது உண்மை, ரெண்டும் நிலைமையை மோசமாக்கும். ஆனா புதுச்சேரியில நடந்ததுக்கு முதல் காரணம் அது ரெண்டும் கிடையாது, வந்துக்கிட்டிருந்த மணல் வராம நின்னுபோனதுதான் முதல் காரணம். இதைப் புரிஞ்சுக்காம எத்தனை லோடு கல்லு கொட்டினாலும் பிரச்சனை அடுத்த ஊருக்குப் போகுமே தவிர தீராது.

மணல் நடக்குற வழி

நம்ம கிழக்குக் கரையில மணல் ஒரு இடத்துல சும்மா படுத்துக் கிடக்குறது கிடையாது, அது நடந்துக்கிட்டே இருக்கும். அலை கரைக்கு நேரா வராம கொஞ்சம் சாஞ்சுதான் வருது, ஏறும்போது மணலை சாய்வா தூக்கிட்டு ஏறுது, இறங்கும்போது சரிவு எப்படியோ அப்படி நேரா இறங்குது, அடுத்த அலை மறுபடியும் சாய்வா ஏத்துது, இப்படி ரம்பப் பல்லு மாதிரி ஏறி இறங்கி ஒவ்வொரு துகளும் கரையோரமாவே நகர்ந்துபோகுது. வருஷத்துல பெரும்பாலான மாசங்கள், அதாவது தென்மேற்குப் பருவக்காத்து காலமும் அதுக்கு முன்னும் பின்னும், தெற்குலேர்ந்து வர்ற அலை மணலை வடக்கே தள்ளும். ஐப்பசி கார்த்திகை மார்கழியில வடகிழக்குப் பருவமழை சமயத்துல அலையோட திசை மாறி கொஞ்சம் மணல் தெற்கே திரும்பும். கூட்டிக் கழிச்சுப் பார்த்தா வருஷக் கடைசியில மிச்சம் வடக்கு நோக்கித்தான். எவ்வளவுன்னு ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்றாங்க, ஆனா எல்லாக் கணக்கும் லட்சக்கணக்கான கன மீட்டர்லதான் நிக்குது. ஒரு டிப்பர் லாரிக்கு 10 கன மீட்டர்னு வெச்சுக்கிட்டா ஒரு லட்சம் கன மீட்டருக்கே 10,000 லோடு ஆகுது, கடல் இதை சத்தம் இல்லாம வருஷா வருஷம் செய்யுது.

இதை வாய்க்கால் பாசனத்தோட வெச்சுப் பார்த்தா சட்டுனு புரியும். தெற்கு தலைமடை, வடக்கு கடைமடை. தலைமடைக்காரர் குறுக்க ஒரு வரப்பு போட்டா அவர் வயல்ல தண்ணி தேங்கும், கடைமடை காயும், காயுறதுக்கு வெயில் மேல பழி போட்டு பிரயோஜனம் இல்ல. கரையில தண்ணிக்குப் பதில் மணல் ஓடுது, மத்தபடி நியாயம் ஒண்ணுதான்.

இன்னொரு விஷயத்தையும் இங்கயே சொல்லிடுறேன், பின்னாடி வேணும். அகலமான மணல் கரை பார்க்குறதுக்கு அழகா இருக்குன்னு மட்டும் நினைக்கக்கூடாது, ஊரைக் காப்பாத்துற முதல் ஏற்பாடே அதுதான். புயல் வரும்போது அலை கரை மணலை அறுத்து உள்ள இழுத்துட்டுப்போய் கொஞ்ச தூரத்துல தண்ணிக்கு அடியில திட்டா போட்டுடும், அடுத்தடுத்து வர்ற பெரிய அலை அந்தத் திட்டுல தட்டி அங்கயே உடைஞ்சுடும், கரைக்கு வரும்போது பாதி வேகம்கூட இருக்காது. கடல் அடங்கின மாசங்கள்ல அதே மணலை சின்ன அலைங்க திரும்பக் கொண்டுவந்து கரையில சேர்க்கும். அதனால டிசம்பர்ல கரை குறுகிப்போனதை மட்டும் பார்த்து அரிப்புன்னு சொல்றதும் தப்பு, ஏப்ரல்ல அகலமானதைப் பார்த்து சரியாயிடுச்சுன்னு சொல்றதும் தப்பு. வருஷா வருஷம் அதே மாசத்துல, அதே இடத்துல அளந்து பார்த்தாதான் நிஜம் தெரியும்.

1986-லேர்ந்து என்ன ஆச்சு

அரியாங்குப்பம் ஆத்து முகத்துவாரத்துல 1986-க்கும் 1989-க்கும் நடுவுல துறைமுகம் கட்டினாங்க. முகத்துவாரம் மணல் மூடாம இருக்கணும், படகு வந்துபோகணும், அதுக்காக ரெண்டு பக்கமும் கடலுக்குள்ள கல்லுல அலைத்தடுப்பு போட்டாங்க. தேவை நியாயமானதுதான், முகத்துவாரத்துல அலையில சிக்கி படகு கவுந்து உயிர் போறதை பார்த்த எந்த ஊரும் துறைமுகம் கேட்கத்தான் செய்யும், அதுல நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா ஆறு இருக்குறது நகரத்துக்குத் தெற்கே. அங்க கடலுக்குள்ள கல்லை நீட்டினா வடக்கே போற மணலுக்கு குறுக்க வரப்பு போட்ட மாதிரிதான்.

அப்புறம் நடந்ததை புத்தகத்துல படம் போட்டுக் காட்டுற மாதிரியே சொல்லலாம். தெற்குப் பக்கம், வீராம்பட்டினம் பக்கம், மணல் சேர்ந்து கரை அகலமாச்சு. கல்லோட முனையை சுத்தி வந்த மணல் முகத்துவாரத்துலயே விழுந்து துறைமுக வாயை மூடப் பார்த்தது, அதனாலதான் தூர்வாரச் சொல்லி மீனவர்கள் வருஷா வருஷம் கேட்டுக்கிட்டே இருக்காங்க. வடக்குப் பக்கம் நகரக் கரைக்கு வரவேண்டிய மணல் வரல, ஆனா அலை மட்டும் வழக்கம்போல இருக்குற மணலை வடக்கே தூக்கிட்டுப் போய்க்கிட்டே இருந்தது. வரவு நின்னு செலவு மட்டும் ஓடினா எத்தனை நாள் தாங்கும், பத்து வருஷம் போல ஆகுறதுக்குள்ள கடற்கரைச் சாலைக்கு முன்னாடி இருந்த மணல் காணாமப் போச்சு.

இதுல எனக்கு மனசு ஆறாத இடம் ஒண்ணு இருக்கு. இப்படி ஆகும்னு கட்டும்போதே தெரியும். தெற்கே தேங்குற மணலை பம்ப் வெச்சு உறிஞ்சி, குழாய் வழியா முகத்துவாரத்தைத் தாண்டி வடக்கே விடுறதுன்னு திட்டத்துலயே ஏற்பாடு இருந்தது. வாய்க்கால்ல வரப்பு போட்டவங்க பக்கத்துலயே ஒரு மதகும் வரைஞ்சு வெச்சிருந்தாங்க, ஆனா அந்த மதகு தேவையான அளவுக்கு, தொடர்ந்து, வேலை செய்யவே இல்ல. கல்லு ஒரு தடவை போட்டா நிக்கும், மணல் தள்ளுறது வருஷா வருஷம் செய்யவேண்டிய வேலை, அதுக்கு வருஷா வருஷம் பணம், ஆள், கரண்ட், ரிப்பேர் எல்லாம் வேணும். கட்டுமானத்துக்குத் திறப்பு விழா உண்டு, பராமரிப்புக்குக் கிடையாது.

இதே 1986-ல ஆஸ்திரேலியாவுல கோல்டு கோஸ்ட்டுங்குற இடத்துல நெராங் ஆத்து முகத்துவாரத்தையும் இதே மாதிரி ரெண்டு கல் சுவர் போட்டு நிலைப்படுத்தினாங்க. அங்கயும் மணல் தெற்குலேர்ந்து வடக்கே போகுது, வருஷத்துக்கு சுமார் 5 லட்சம் கன மீட்டர். ஆனா அங்க முகத்துவாரத்துக்குத் தெற்கே கடலுக்குள்ள ஒரு நீளமான பாலம் கட்டி அதுல 10 ஜெட் பம்ப் தொங்கவிட்டு, வர்ற மணலை அங்கயே பிடிச்சு, கால்வாய்க்கு அடியில போற குழாய் வழியா வடக்குப் பக்கம் இருக்குற தீவுக் கரையில கொண்டுபோய் விடுறாங்க, கரண்ட் கட்டணம் குறைவா இருக்குற ராத்திரி நேரத்துல பம்ப் ஓடும். முகத்துவாரமும் மூடல, வடக்குக் கரையும் அழியல, அந்த பம்ப் இத்தனை வருஷமா ஓடிக்கிட்டிருக்கு. ஏறக்குறைய ஒரே காலத்துல நடந்த ரெண்டு வேலை, ஒரே மாதிரி கடல், ஒரே மாதிரி கல், வித்தியாசம் பம்ப் மட்டும்தான்.

சரி ஆஸ்திரேலியா பணக்கார நாடு, அங்க வசதி இருக்குன்னு சொல்லலாம். நம்ம சென்னை துறைமுகத்தை எடுத்துப்போம், அதுல கத்துக்க நூறு வருஷத்துக்கும் மேல அவகாசம் இருந்தது. 1870-களோட நடுவுல அங்க கல்லு போட ஆரம்பிச்சாங்க, தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து இன்னைக்கு நாம பார்க்குற அகலமான மெரினா உருவாச்சு, வடக்கே ராயபுரம் காசிமேடு திருவொற்றியூர் எண்ணூர்னு கரை அறுந்துக்கிட்டே போச்சு, வீதி வீதியா வீடு போச்சு, இப்போ அந்தப் பக்கம் பெரும்பாலும் கல்லும், மணலைப் பிடிக்கக் கடலுக்குள்ள நீட்டிப் போடுற கல் தடுப்பான தூண்டில் வளைவும்தான். மெரினாவுல சுண்டல் சாப்பிட்டுக்கிட்டு நடக்குற மணல்ல ஒரு பங்கு எண்ணூர்க்காரங்க கரைக்குப் போயிருக்கவேண்டிய மணல். புதுச்சேரி நிலைமை எதிர்பாராததுன்னு யாரும் சொல்ல முடியாது.

கல்லு கொட்டின கதை

மணல் போனதும் அலை நேரா சாலையோட அடித்தளத்தைத் தொட ஆரம்பிச்சது, உடனே கல்லு கொட்டினாங்க. அந்த நேரத்துக்கு வேற வழியும் இருந்திருக்காது, பின்னாடி நூற்றாண்டு பழசான கட்டடங்கள், 1836-ல ஏத்தின பழைய கலங்கரை விளக்கம், தலைமைச் செயலகம் எல்லாம் இருக்கு, அதைக் கடலுக்கு விட்டுட முடியாது.

ஆனா கல் சுவரோட குணம் என்னன்னா, அது தனக்குப் பின்னாடி இருக்குறதைத்தான் காப்பாத்தும், முன்னாடி இருக்குற மணலைக் காப்பாத்தாது. சரிவான மணல்ல அலை ஏறி ஏறி சோர்ந்துபோகும், கல்லுல மோதினா அந்த வேகம் அப்படியே திரும்பி அடியில இருக்குற மணலைத் தோண்டும். அடி மணல் போகப்போக கல்லு உள்ள இறங்கும், மேல திரும்பக் கல்லு போடணும், அதனாலதான் எந்தக் கடலோர ஊரா இருந்தாலும் ஒரு தடவை கல்லு போட்ட இடத்துல சில வருஷம் கழிச்சு மறுபடியும் லாரி நிக்குறதைப் பார்க்கலாம். அடுத்தது சுவர் எங்க முடியுதோ அந்த முனைக்கு அந்தப் பக்கம் அரிப்பு இன்னும் வேகமாகும், ஏன்னா சுவருக்குப் பின்னாடி இருக்குற மண்ணு கடலுக்கு மணலா கிடைக்காது, சுவர் முனையில திரும்புற அலையும் பக்கத்து மண்ணைக் குடையும். அதனால சுவரை நீட்டணும். நீட்டினா அதோட புது முனையில இதே கதை.

அப்படித்தான் கடற்கரைச் சாலையில ஆரம்பிச்சது குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர்னு வடக்கே நீண்டு புதுச்சேரியோட எல்லைக்கே போயிடுச்சு. கடலுக்கு எல்லைக் கல்லு தெரியாதே. அந்தப் பக்கம் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம், கோட்டக்குப்பம் தந்திராயன்குப்பம்னு தொடங்குது, தந்திராயன்குப்பத்துல வீடு போக ஆரம்பிச்சது, அங்க தூண்டில் வளைவு போட்டாங்க, அங்க கொஞ்சம் மணல் நின்னுச்சு, உடனே அதுக்கு வடக்கே சின்னமுதலியார்சாவடியில அரிப்பு அதிகமாச்சு, அப்புறம் பொம்மையார்பாளையம், அதைத் தாண்டி பிள்ளைச்சாவடி. இதுல இன்னொரு சிக்கல், புதுச்சேரியும் தமிழ்நாடும் அந்தக் கரையில மாறி மாறி வரும், பிள்ளைச்சாவடி காலாப்பட்டு பக்கம் திரும்ப புதுச்சேரி வந்துடும். ஒரு அரசு கல்லு போட்டா பாதிப்பு இன்னொரு அரசோட கிராமத்துல விழும், அந்த அரசு போட்டா பாதிப்பு திரும்ப இவங்க கிராமத்துக்கு வரும். ஆளுக்கு ஒரு பட்ஜெட், ஆளுக்கு ஒரு டெண்டர், மணல் ஒண்ணு.

தூண்டில் வளைவைப் பத்தி கொஞ்சம் நியாயமாவும் பேசணும். மீனவர்களே அதைக் கேட்குறாங்கன்னா காரணம் இருக்கு, வளைவுக்குள்ள தண்ணி கொஞ்சம் அடங்கும், படகு ஏத்த இறக்க இடம் கிடைக்கும், கண் முன்னாடி வீடு போய்க்கிட்டிருக்குறவங்ககிட்ட பத்து வருஷத் திட்டம் பேச முடியாது. ஆனா வளைவு மணலை உருவாக்காது, போற மணலைப் பிடிச்சு வெச்சுக்கும், அவ்வளவுதான். போடும்போதே வளைவுக்கு நடுவுல இருக்குற இடத்தை வெளியிலேர்ந்து மணல் கொண்டுவந்து நிரப்பிட்டா, போற மணல் அங்க தேங்கி நிக்காம தாண்டி வடக்கே போகும், பக்கத்து ஊர் பட்டினி கிடக்காது. அந்த நிரப்புற வேலை செலவுன்னு விட்டுடுறாங்க, அந்தச் செலவைத்தான் பக்கத்து ஊர்க்காரங்க வீடா கொடுக்குறாங்க.

கரை போனா என்னென்ன போகுதுன்னு நகரத்துல இருக்குறவங்களுக்கு அவ்வளவா தெரியறதில்ல, ஒரு வாக்கிங் போற இடம் போச்சுன்னு நினைப்பாங்க. குப்பத்துல மணல்தான் படகு நிறுத்துற இடம், வலை பின்னுற இடம், கருவாடு காயுற இடம், சாயங்காலம் கூடிப் பேசுற இடம், பிள்ளைங்க விளையாடுற மைதானம். கரைவலை இழுக்குறதுக்கு நீளமான மணல் வேணும், கல்லு மேல நின்னு யாரும் கரைவலை இழுக்க முடியாது, அந்தத் தொழில் கரையோட சேர்ந்தே போச்சு. படகை கல்லுக்கு நடுவுல ஏத்த முடியாதுன்னு தூரத்துல இருக்குற துறைமுகத்துக்குக் கொண்டுபோகணும், அதுக்கு டீசல், காவல், நேரம் எல்லாம் கூடுதல். ஜனவரி பிப்ரவரி மார்ச்ல முட்டை போட வர்ற ஆமைக்கும் இடம் இல்ல. கிணத்துல உப்பு ஏறுறதும் கூடவே வரும், ஏன்னா கரை உள்ள நகர்ந்தா உப்புத் தண்ணியும் நிலத்துக்கு அடியில உள்ள நகருது. இந்த இழப்பு பெரும்பாலும் நிவாரணக் கணக்குல வர்றதில்ல.

2004 டிசம்பர் 26-ஐயும் சொல்லாம இருக்க முடியாது. சுனாமி வந்தப்போ நகரப் பகுதி பெரிய அளவுல தப்பிச்சது, அந்தக் கல் சுவரும் ஊர் இருக்குற உயரமும் உதவிச்சுன்னு பரவலா சொல்றாங்க, யூனியன் பிரதேசத்துல உயிரிழப்போட பெரும்பங்கு காரைக்கால்லதான். அதுக்கப்புறம் எல்லாக் கடலோர ஊர்லயும் கல் சுவர் வேணும்னு கோரிக்கை வந்துச்சு, அந்த பயத்தை நான் மதிக்கிறேன். ஆனா எப்போவோ ஒரு தடவை வர்ற சுனாமிக்காகப் போட்ட சுவர் தினம் தினம் வர்ற அலையில கரையை அழிக்குதுங்குறதையும் சேர்த்துத்தான் பார்க்கணும். உயரமான இடம், ஓடுறதுக்கு வழி, நேரத்துக்கு எச்சரிக்கை, இது மூணும் சுனாமிக்கு உயிரைக் காப்பாத்தும், இது எதுவும் பக்கத்து ஊர் மணலைத் தின்னாது.

தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990-லேர்ந்து 2016 வரைக்கும் செயற்கைக்கோள் படங்களை வெச்சு இந்தியக் கரை முழுக்கப் பார்த்துச்சு, நாட்டுல மூணுல ஒரு பங்கு கரை அரிப்புல இருக்குன்னு 2018-ல வந்த அறிக்கை சொல்லுது, புதுச்சேரிக்கு அது 57 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 41 சதவீதம். புதுச்சேரியை விட மோசம் மேற்கு வங்கம் மட்டும்தான்.

திரும்பி வந்த மணல்

இப்போ நல்ல பகுதிக்கு வரேன். சென்னையில இருக்குற தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் வடிவமைச்ச ஒரு ரீஃபை, அதாவது தண்ணிக்கு அடியில இருக்குற செயற்கைத் திட்டை, தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்துல கடல்ல 2018-ல இறக்கினாங்க. முக்கோண வடிவத்துல பெரிய இரும்புப் பெட்டி, அதுக்குள்ள கல்லு நிரப்பி, கரைப்பக்கம் ஆரம்பிச்சு கடலுக்குள்ள போகப்போக தண்ணிக்கு அடியில மூழ்கின மாதிரி. பார்க்குறவங்களுக்கு அது பெருசா தெரியாது, ஆனா அலை அதுமேல வரும்போது ஆழம் குறைஞ்சு உடைஞ்சு சக்தியை இழந்துடும், அதுக்குத் தெற்கே தண்ணி அடங்கும், அடங்கின தண்ணியில மணல் படியும். கூடவே முகத்துவாரத்துல தூர்வாரின மணலையும் நகரக் கரையில விட்டாங்க. கொஞ்ச நாள்லயே காந்தி சிலைப் பக்கம் மணல் தெரிய ஆரம்பிச்சது, அப்புறம் ஜனங்க இறங்கி நடக்குற அளவுக்குக் கரையே வந்துடுச்சு. முப்பது வருஷமா கல்லை மட்டும் பார்த்த ஊர்ல பிள்ளைங்க மணல்ல வீடு கட்டி விளையாடினதைப் பார்த்தப்போ கண்ணுல தண்ணி வந்துச்சு.

இதுலேர்ந்து தப்பான பாடம் எடுத்துடக்கூடாதுங்குறதுதான் என் கவலை. ரீஃப் நல்லா வேலை செய்யுது, இதே மாதிரி எல்லா ஊர்லயும் ஒண்ணு போடுவோம்னு கிளம்பிட்டா பழைய தப்புதான். இதுவும் மணலை உருவாக்குறது கிடையாது, போறதை நிதானப்படுத்திப் பிடிக்குது. மூழ்கியிருக்குறதால மேல தாண்டி மணல் கொஞ்சம் போகும், உயரமான தூண்டில் வளைவை விட பக்கத்து ஊருக்கு நல்லது, அது உண்மைதான். ஆனா தெற்குலேர்ந்து வரவே இல்லைன்னா பிடிக்கிறதுக்கு என்ன இருக்கும்? தூர்வாரின மணலைக் கொண்டுவந்து விட்டது இல்லாம ரீஃப் மட்டும் இருந்திருந்தா இவ்வளவு வேகமா கரை வந்திருக்காதுன்னுதான் நான் நினைக்கிறேன். துறைமுகத்துல தூர்வாரும்போது எடுக்குற ஒவ்வொரு லோடும் வடக்குக் கரையில விழணும், அது ரோட்டுக்கோ மனைக்கோ போகக்கூடாது, அது குப்பை கிடையாது, வடக்குக் குப்பங்களோட சொத்து.

நெதர்லாந்துல 2011-ல 2 கோடியே 15 லட்சம் கன மீட்டர் மணலை ஒரே இடத்துல கடலோரமாக் கொட்டி, அலையும் காத்தும் அதைப் பக்கத்துக் கரைகளுக்குப் பரப்பட்டும்னு விட்டாங்க. நாம அந்த அளவு செய்யணும்னு நான் சொல்லல. ஆனா 1990-லேர்ந்தே கரைக்கோடு உள்ள போகவிடக்கூடாதுன்னு முடிவு எடுத்து, மணல் போட்டே அதைக் காப்பாத்துற நாடு அது, கல்லு கட்டுறதுல உலகத்துக்கே பாடம் எடுத்த அந்த நாடே மணல் பக்கம் வந்துருக்குங்குறதை நம்ம பொறியாளர்கள் யோசிச்சுப் பார்க்கணும்.

வெள்ளம் வேற பக்கத்துலேர்ந்து வருது

கடற்கரையைக் காப்பாத்திட்டா வெள்ளம் வராதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்துல கரை ஏறி மணிக்கணக்கா நகராம நின்னுச்சு, 24 மணி நேரத்துல 46 சென்டிமீட்டருக்கும் மேல மழை. ஊருக்குள்ள தண்ணி வந்தது கல் சுவரைத் தாண்டி இல்ல, வானத்துலேர்ந்து விழுந்த தண்ணி வெளிய போக வழி இல்லாம ரெயின்போ நகர் மாதிரி தாழ்வான இடங்கள்ல நின்னுச்சு. அடுத்த ரெண்டு நாள்ல சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில பெருவெள்ளம், டிசம்பர் 2 அதிகாலையில அணையிலேர்ந்து விநாடிக்கு 1,68,000 கன அடி, கடலூரும் பாகூர் பக்கமும் மூழ்குச்சு.

இதுல கடலோட பங்கு எங்கன்னா முகத்துவாரத்துல. நம்ம கரையில ஓத வித்தியாசம், அதாவது கடல் தினம் ஏறி இறங்குற உயரம், ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால புயல் காத்து கடல் தண்ணியை அரை மீட்டர் தூக்கினாலே வாய்க்கால் வாயில தண்ணி எதிர்த்து நிக்கும், உப்பனாறும் பெரிய வாய்க்காலும் கொண்டுவர்ற மழைத் தண்ணி கடலுக்குள்ள இறங்காது. கூடவே வாயில மணல் மூடியிருந்தா கேட்கவே வேணாம். அரிப்பும் வெள்ளமும் வேற வேற துறையோட வேலையா ஃபைல்ல இருக்கு, ஆனா முகத்துவாரத்துல மணல் அடைச்சு வடக்கே கரை பட்டினி கிடக்குறதும், மழைத் தண்ணி வெளிய போக முடியாம ஊருக்குள்ள நிக்குறதும் ஒரே அடைப்போட ரெண்டு முனை. பருவமழைக்கு முன்னாடி அந்த மணலை எடுத்து வடக்கே விட்டா ஒரே வேலையில ரெண்டும் கொஞ்சம் தீரும்.

எனக்குத் தோணுற வரிசை

முதல்ல பம்ப். துறைமுகத்துக்குத் தெற்கே தேங்குற மணலை வருஷா வருஷம் வடக்கே தள்ளுற ஏற்பாடு, அதுக்குத் தனி நிதி, அது துறைமுகத்தோட இயக்கச் செலவுலயே சேரணும், மீதி இருந்தா பார்க்கலாம்னு விடக்கூடாது. இது நடக்காதவரைக்கும் மத்த எல்லாம் முதலுதவிதான்.

ரெண்டாவது, புதுச்சேரியும் தமிழ்நாடும் சேர்ந்து இந்த ஒரே மணல் ஓட்டத்துக்கு ஒரே திட்டம். வீராம்பட்டினத்துலேர்ந்து காலாப்பட்டு தாண்டி ஒரே வரைபடம், எந்தக் கல்லு போட்டாலும் வடக்கே அடுத்த ஊருக்கு என்ன ஆகும்னு எழுதிக் காட்டி, அந்த ஊர்க்காரங்ககிட்டயும் கேட்டுட்டுத்தான் போடணும். குப்பத்துல வருஷம் முழுக்கக் கடலைப் பார்த்துக்கிட்டே இருக்குறவங்களுக்கு எந்த மாசம் எங்க மணல் நிக்கும்னு தெரியும், அவங்களை அளவெடுக்குற வேலையிலேயே சேர்த்துக்கலாம், கரையில நிலையா சில இடம் குறிச்சு மழைக்கு முன்னாடி ஒரு தடவை, மழைக்கு அப்புறம் ஒரு தடவை. செலவு ரொம்பக் கம்மி.

மூணாவது விலகி நிக்குறது. 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில கிராமப்புறக் கரையில 200 மீட்டருக்குள்ள புதுக் கட்டடம் கூடாதுன்னு இருந்துச்சு, 2019-ல மக்கள் நெருக்கமா இருக்குற கிராமப் பகுதிக்கு அதை 50 மீட்டரா குறைச்சாங்க. அரிப்பு இருக்குற கரையில 50 மீட்டர்ங்குறது ஒரு தலைமுறைகூட தாங்காது. அரிப்பும் கடல் வெள்ளமும் எதுவரைக்கும் வரலாம்னு காட்டுற ஆபத்துக் கோடுன்னு ஒண்ணு நாடு முழுக்க வரைஞ்சு வெச்சிருக்காங்க, ஆனா அது திட்டமிட உதவுற கருவியா மட்டும் இருக்கு, கட்டடத்தைத் தடுக்குற சக்தி அதுக்கு இல்ல. இதுல மீனவர் வீட்டையும் ரிசார்ட்டையும் ஒரே தட்டுல வெக்கக்கூடாது, மீனவருக்குக் கடல் பக்கத்துல இருந்தாத்தான் தொழில், அவங்களை உள்ள அனுப்பிட்டு காலியான கரையை வேற ஆளுக்குக் கொடுத்தா அதை விடப் பெரிய அநியாயம் இல்ல.

2022 மார்ச்ல கடல் கொந்தளிச்சப்போ 1962-ல கட்டின பழைய துறைமுகப் பாலத்துல ஒரு பகுதி இடிஞ்சு விழுந்துச்சு, அப்போ ஊரே போய்ப் பார்த்துச்சு. அதே கடலோரமா வடக்கே போனா பிள்ளைச்சாவடிப் பக்கம் பாதி அறுந்த வீட்டுச் சுவரும், வேர் வெளிய தெரியுற தென்னையும் நிக்குது, கல்லுக்கு நடுவுல கிடைச்ச இடத்துல படகைக் கட்டி வெச்சிருக்காங்க. அவங்க கேட்குறது கல்லு. அவங்களுக்கு வரவேண்டியது மணல், அது இன்னும் தெற்கே துறைமுகச் சுவருக்கு அந்தப் பக்கம் அகலமா தேங்கிக் கிடக்கு.